இதய நோய் பற்றிய நம்பகமான தகவலையும் நிபுணர்களையும் தேடும் முறை: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

இதய நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புபவர் பெரும்பாலும் நோயின் பெயரைக் கைப்பேசியில் தட்டிவிட்டு, முதலில் வருவதைப் படிக்கத் தொடங்கிவிடுகிறார். அதற்கு முன்னால், தமக்கு வேண்டிய விடை எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும். 'மாரடைப்பு ஏன் வருகிறது' என்பது பொது அறிவு சார்ந்த கேள்வி. அதற்கு நல்ல விடைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 'அப்பாவுக்கு இரண்டு ஸ்டென்ட் (அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கச் சொல்கிறார்களே, அவசியம்தானா' என்பது, அவருடைய இதயத் தமனிகளின் எக்ஸ்ரே படமான ஆஞ்சியோகிராமைப் பார்க்காத எவரும் பதில் சொல்ல முடியாத கேள்வி. 'இவர் உண்மையிலேயே இதய நோய் நிபுணரா' என்பதற்கு ஒரு பதிவேட்டைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். 'காப்பீட்டில் எவ்வளவு தருவார்கள்' என்பதற்குக் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். இந்த நான்கையும் ஒரே தேடல் பெட்டியில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், மணிக்கணக்கில் படித்த பிறகும் ஒன்றும் தெளிவாகவில்லை என்ற சலிப்பு வருகிறது.

தேடக் கூடாத நேரம்

நெஞ்சின் நடுவில் அழுத்தமோ இறுக்கமோ வந்து சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, அது இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவினாலோ, கூடவே குப்பென்று வியர்த்து மூச்சு வாங்கினாலோ, எதையும் படித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு நெஞ்சு வலி தெளிவாகத் தெரியாமல், மூச்சுத் திணறல், குமட்டல், அளவுக்கு மீறிய அயர்ச்சி என்ற வடிவில் மட்டுமே மாரடைப்பு வெளிப்படக்கூடும். நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'கேஸ்'. ஒரு சோடாவைக் குடித்துவிட்டு, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொள்ளும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இரத்தம் கிடைக்காத இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். வாயுவா மாரடைப்பா என்பதை அறிகுறிகளின் பட்டியலைப் படித்துத் தீர்மானிக்க முடியாது. மருத்துவமனைக்கு வந்து 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்று பன்னாட்டு நெறிமுறைகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. முதல் இ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் அதோடு விஷயம் முடிந்துவிடாது. ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனையும், சற்று நேரம் கழித்து மறுபடியும் ஓர் இ.சி.ஜி.யும் தேவைப்படலாம்.

உடல் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தகவலைச் சேகரித்து வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டிலிருந்து விரைவில் போய்ச் சேரக்கூடிய மருத்துவமனைகளில், ஆஞ்சியோகிராம் எடுத்து அடைப்பைத் திறக்கும் 'கேத் லேப்' எங்கே நள்ளிரவிலும் இயங்குகிறது, எங்கே இரவில் மருத்துவரை வீட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்து வையுங்கள். புறநகர்ப் பகுதிகளிலும் அதைத் தாண்டிய ஊர்களிலும் உறவினர்கள் இருப்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

கையிலிருக்கும் காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

ஏற்கெனவே சிகிச்சை பெற்றவரின் வீட்டில், எந்த இணையதளத்தையும் விட முக்கியமான ஆவணம் ஒன்று இருக்கிறது. அது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. பில் கட்டும் பரபரப்பில் கோப்புக்குள் போன அந்தத் தாளைப் பலர் பிறகு பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதில் நோய் விவரம் என்ற இடத்தில் ஏறத்தாழ இப்படி ஒரு வரி இருக்கும்: 'சி.ஏ.டி., ஏ.டபிள்யூ.எம்.ஐ., பி.டி.சி.ஏ. டு எல்.ஏ.டி., எல்.வி.இ.எஃப். 42%, டி.எம்., எச்.டி.என்.' முதலாவது இதயத் தமனி நோயைக் குறிக்கிறது. இரண்டாவது, இதயத்தின் முன்சுவரைத் தாக்கிய மாரடைப்பு. மூன்றாவது, இடப்புற முன் இறங்கு தமனியில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பைப் பலூனால் விரித்துத் திறப்பது) செய்யப்பட்டிருக்கிறது என்கிறது. கடைசி இரண்டும் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும்.

அந்த 42 என்ற எண்தான் வீட்டில் பெரும் கலவரத்தை உண்டாக்குவது. 'ஹார்ட் 42 பர்சென்ட்தான் வேலை செய்யுதாம்' என்று உறவினர்களுக்குச் செய்தி போய்விடும். உண்மையில் அது, இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியேற்றப்படுகிறது என்பதன் அளவு. நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் அது 100 ஆக இருப்பதில்லை. 55 முதல் 70 வரை இருப்பதே இயல்பு. 40-ம் அதற்குக் கீழும் இருந்தால் இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்துவிட்டது என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே 42 என்பது கவனிக்க வேண்டிய எண்தான். ஆனால் பாதி இதயம் போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. மாரடைப்பு வந்த உடனே எடுத்த எக்கோவில் (இதயத்தின் ஒலியலைப் படத்தில்) குறைவாக இருக்கும் இந்த அளவு, சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் ஓரளவு உயர்வதும் உண்டு.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்ட பிறகு செய்யும் தேடலுக்கும், 'இதய நோய்' என்று மொட்டையாகச் செய்யும் தேடலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தமனி அடைப்பு, வால்வுக் கோளாறு, துடிப்புச் சீர்கேடு, இதயச் செயலிழப்பு ஆகியவை வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்குச் சொன்ன அறிவுரை மற்றொன்றுக்குப் பொருந்தாது. செயற்கை வால்வு பொருத்தப்பட்டு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர், தமனி அடைப்பு உள்ளவருக்கு எழுதப்பட்ட உணவுக் குறிப்பைப் படித்துவிட்டுத் தினமும் கீரையைத் திடீரென அதிகமாக்கினால், கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடக்கூடும்.

பொதுத் தகவலுக்கு எங்கே போவது

நோய் என்ன, பரிசோதனை எப்படிச் செய்யப்படுகிறது, மருந்து என்ன செய்கிறது என்ற அளவிலான கேள்விகளுக்கு, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ், பிரிட்டன் அரசின் என்.எச்.எஸ். தளம், உலக சுகாதார நிறுவனத்தின் தகவல் தாள்கள் ஆகிய மூன்றும் போதும் என்பது என் கருத்து. இவற்றில் விளம்பரம் கிடையாது. பக்கத்தில் எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற தேதி இருக்கும். 1924-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க இதயக் கழகத்தின் தளமும் விரிவானது. அது மருந்து நிறுவனங்களிடமிருந்தும் நிதி பெறும் அமைப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், காக்ரேன் அமைப்பின் தளத்தில் உள்ள எளிய மொழிச் சுருக்கங்களில் சில தமிழிலும் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிட்டு, அது பயன் தருகிறதா என்று சொல்வதுதான் அந்த அமைப்பின் வேலை. யாரிடமாவது பேசிக் கேட்க வேண்டும் என்றால், தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணில் தமிழிலேயே மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

வேறு எந்தத் தளத்தையோ காணொளியையோ பார்த்தாலும் நான்கு விவரங்களைத் தேடிப் பாருங்கள்: யார் எழுதியது, எந்த ஆதாரத்தின் பேரில், எப்போது, யாருடைய பணத்தில். இவற்றில் தேதியைத்தான் நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆஸ்பிரின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நோய் எதுவும் இல்லாத நடுவயதுக்காரர்களும் மாரடைப்பு வராமலிருக்கத் தினமும் ஒரு சிறு ஆஸ்பிரின் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று முன்பு பரவலாகச் சொல்லப்பட்டது. 2018-இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகள், அப்படிப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் சிறிய நன்மையை இரத்தக் கசிவு ஆபத்து ஈடுகட்டிவிடுகிறது என்று காட்டிய பிறகு நிலைமை மாறியது. 60 வயதைத் தாண்டியவர்கள் இந்த நோக்கத்துக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. 2012-இல் எழுதப்பட்ட நேர்மையான கட்டுரைகூட இன்று தவறான வழியைக் காட்டக்கூடும். இதையே பாதியாகப் படித்துவிட்டு, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரோ ஸ்டென்ட் வைத்தவரோ ஆஸ்பிரினை நிறுத்திவிட்டால் அது பேராபத்தாக முடியும், ஏனென்றால் அந்த ஆய்வுகள் அவர்களைப் பற்றியவை அல்ல.

காணொளிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பேசுபவரின் முழுப்பெயரும் பதிவு எண்ணும் கிடைத்து, இறுதியில் எதையும் விற்காமல் இருந்தால் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்பவர்கள், அவை காட்டும் ஆய்வுக் கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்று தனியே தேடிப் பார்த்துவிட வேண்டும். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பைக் கொடுத்துவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

செப்டம்பர் 29, உலக இதய நாளையொட்டி நாளிதழ்களில் வரும் முழுப்பக்கக் கட்டுரைகளின் மூலையில் 'விளம்பரம்' என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மருத்துவர்கள் படிப்பதையே நீங்களும் படிக்கலாம்

இதய மருத்துவர்கள் எந்த நோயாளிக்கு எதைச் செய்வது என்று தீர்மானிக்கும்போது பின்பற்றும் வழிகாட்டு நெறிமுறைகள் ரகசியமானவை அல்ல. ஐரோப்பிய இதயவியல் சங்கமும், அமெரிக்க இதயவியல் கல்லூரியும் இதயக் கழகமும் இணைந்தும் வெளியிடும் நெறிமுறைகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 1948-இல் தொடங்கப்பட்ட இந்திய இதயவியல் சங்கத்தின் ஆய்விதழான இந்தியன் ஹார்ட் ஜர்னலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நூறு பக்கத்துக்கு மேல் ஓடும் நெறிமுறையை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. பரிந்துரைப் பட்டியல்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் அருகில் ஒரு ரோமன் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் வகுப்பு என்றால் செய்ய வேண்டியது. இரண்டு 'ஏ' என்றால் செய்வதைக் கருத வேண்டியது. இரண்டு 'பி' என்றால் செய்யலாம் என்ற அளவில் நிற்பது. மூன்றாம் வகுப்பு என்றால் பரிந்துரைக்கப்படாதது. பக்கத்திலுள்ள எழுத்து ஆதாரத்தின் வலிமையைச் சொல்கிறது: 'ஏ' என்றால் பல ஆய்வுகளின் துணை உண்டு, 'சி' என்றால் பெரும்பாலும் நிபுணர்களின் ஒருமித்த கருத்து மட்டுமே.

ஆய்வுக் கட்டுரைகளுக்கான பெரிய வாசல் பப்மெட். முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் காட்டும் வசதி அதன் இடப்பக்கத்தில் இருக்கிறது. எப்படிப் படிப்பது என்பதை நம் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வைக் கொண்டே பார்க்கலாம். பெரிய மருத்துவமனைகளை மையமாகவும் சிறிய மருத்துவமனைகளைக் கிளைகளாகவும் இணைத்து, கடும் மாரடைப்பு நோயாளிகளை விரைந்து சிகிச்சைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியானது. ஏற்பாடு வருவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், வந்த பின் 14.2 சதவீதம். இதை 'இறப்பு 19 சதவீதம் குறைந்தது' என்றும் எழுதலாம். '100 நோயாளிகளில் கூடுதலாக மூன்று நான்கு பேர் பிழைத்தார்கள்' என்றும் எழுதலாம். இரண்டு கணக்கும் சரியானவையே. மருந்தை விற்பவர் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். நீங்கள் இரண்டாவதைத் தேடுங்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது, எத்தனை பேர், எப்படி ஒப்பிட்டார்கள் என்பது. இதில் 2,420 நோயாளிகள் இருந்தார்கள். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு குழுக்களை ஒப்பிடாமல், ஏற்பாட்டுக்கு முன் வந்தவர்களையும் பின் வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் வேறு ஏதேனும் மாறியிருந்தால் அதன் பலனும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கக்கூடும். இத்தனையும் கட்டுரையின் முதல் பக்கச் சுருக்கத்திலிருந்தே தெரிந்துகொள்ளக்கூடியவை.

ஸ்டென்ட் பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் சென்னைக் குடும்பங்கள் மிகவும் தவித்துப்போய்த் தேடுவது இதைத்தான். கடும் மாரடைப்பின்போது அடைபட்ட தமனியை உடனே திறப்பது உயிரைக் காக்கும்; இதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. நடக்கும்போது நெஞ்சு வலி, நின்றால் சரியாகிவிடும் என்ற நிலையான நோயாளிகளின் விஷயம் வேறு. 37 நாடுகளில் 5,179 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட இஸ்கிமியா ஆய்வு 2020-இல் வெளியானது. முதலிலேயே ஆஞ்சியோகிராம் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ (அடைப்பைத் தாண்டி இரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை) செய்த குழுவில், மருந்தில் தொடங்கிய குழுவைவிட மாரடைப்போ இறப்போ குறையவில்லை. அடிக்கடி நெஞ்சு வலி வந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இடப்புற முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் இறைக்கும் திறன் மிகவும் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால் அதன் முடிவு அவர்களுக்குப் பொருந்தாது. இதைப் படித்தவுடன் 'ஸ்டென்ட்டே வேண்டாம்' என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. நம்முடையது அவசர நிலையா நிலையான நோயா, எந்தத் தமனி, எதற்காக வைக்கிறார்கள், வலிக்காகவா ஆயுளுக்காகவா என்று கேட்கும் தெளிவை அது தருகிறது.

மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் வெளிநாட்டு ஆபத்துக் கணிப்பான்களைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 52 நாடுகளைக் கொண்ட இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளிலிருந்து 2007-இல் வெளியான பகுப்பாய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு 58.8. அமெரிக்காவின் 2018 கொலஸ்ட்ரால் நெறிமுறையும் தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே 'உங்கள் ஆபத்து குறைவு' என்று ஒரு கணிப்பான் சொன்னால், அது யாருடைய தரவைக் கொண்டு செய்யப்பட்டது என்று பாருங்கள்.

அடைப்பைக் கரைக்கும் கஷாயமும் இருமல் வைத்தியமும்

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறுகளோடு ஆப்பிள் வினிகரைக் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும், பைபாஸுக்கு நாள் குறித்தவர்கூடத் தப்பித்தார் என்ற செய்தி உங்கள் குடும்பக் குழுவுக்கு ஒரு முறையாவது வந்திருக்கும். அந்தச் செய்தியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிழைத்தவரின் பெயரும் ஊரும் மாறிக்கொண்டே இருக்கும். கஷாயத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆஞ்சியோகிராம் எதுவும் இருக்காது. இறுதியில் 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று இருக்கும். தமனிச் சுவருக்குள் பல ஆண்டுகளாகப் படிந்து சுண்ணாம்பேறிய கொழுப்பை வயிற்றுக்குள் போகும் சாறு கரைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சமையலில் சேர்க்கும் பூண்டால் கெடுதல் ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிப்பதுதான் ஆளைக் கொல்லும். ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம்.

தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்ற செய்தியும் ஓயாமல் சுற்றுகிறது. ஆஞ்சியோகிராம் அறையில், மருத்துவர் கண்முன்னே துடிப்பு தடுமாறும்போது சில நொடிகளுக்கு நோயாளியை இருமச் சொல்வதுண்டு. அதை வீட்டு வைத்தியமாக அமெரிக்க இதயக் கழகம் பரிந்துரைக்கவில்லை. இருமும் நேரத்தில் 108-ஐ அழைத்துவிடலாம்.

'அறுவை சிகிச்சை இல்லாமல் அடைப்பு நீக்கம்' என்ற விளம்பரங்களில் சொல்லப்படும் சிகிச்சைகளில் ஒன்று, இரத்தக் குழாய் வழியாக இ.டி.டி.ஏ. மருந்தை ஏற்றும் கீலேஷன். சர்க்கரை நோயும் முன்பு மாரடைப்பும் உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் இதயத்துக்கு நன்மை எதுவும் தெரியவில்லை. இன்னொன்று, கால்களில் காற்றுப் பைகளைக் கட்டி அழுத்தும் இ.இ.சி.பி.; அது சிலருக்கு நெஞ்சு வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் அடைப்பை நீக்குவதில்லை. இதய நோயைக் குணப்படுத்தும் மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இதய நோய்கள் இடம்பெற்றிருக்கின்றன. சட்டத்தை மீறி விளம்பரம் செய்பவர் நோயாளியிடம் மட்டும் நேர்மையாக நடந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மருதம்பட்டை போன்ற சித்த மருந்துகளில் நம்பிக்கை உள்ளவர்கள், அதைப் பற்றி முகநூலில் கேட்பதைவிட, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு நேரில் சென்று கேட்கலாம். அங்கே போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும், பிறகு இதய மருத்துவரிடம் போகும்போது சித்த மருந்தின் பெயரையும் மறைக்காமல் காட்டிவிட வேண்டும்.

மருத்துவரின் தகுதியைச் சரிபார்ப்பது

பெயர்ப் பலகையில் எழுத்துகள் அதிகமாக இருப்பதால் தகுதியும் அதிகம் என்று பொருளாகாது. இதய நோய் நிபுணர் என்றால், எம்.பி.பி.எஸ்., அதன் மேல் எம்.டி., அதற்கும் மேல் மூன்றாண்டு டி.எம். கார்டியாலஜி அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியத்தின் பட்டம் பெற்றிருக்க வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டி செய்பவர் இவர். பைபாஸ், வால்வு அறுவை சிகிச்சை செய்பவர் எம்.சி.எச். முடித்த இதய அறுவை சிகிச்சை நிபுணர். எஃப் என்று தொடங்கும் பல சேர்க்கைகள் அயல்நாட்டுச் சங்கங்களின் உறுப்பினர் தகுதியோ கௌரவமோ ஆகும். அவை மேலே சொன்ன பட்டங்களுக்கு மாற்று அல்ல. மருந்துச் சீட்டில் அச்சிட்டிருக்கும் பதிவு எண்ணை தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் தளத்திலும், தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம். இதற்குச் செலவு இல்லை. யாரும் தவறாக நினைத்துக்கொள்ளப் போவதும் இல்லை.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் மருத்துவர் கே.எம். செரியனால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் செய்யப்பட்டது. கண்ணாடிக் கட்டடங்களை மட்டும் வைத்துத் தரத்தை அளப்பவர்களுக்கு இதை நினைவுபடுத்துவதுண்டு. இன்றும் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் 2014-இல் தொடங்கிய பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை, கிண்டியில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை ஆகியவற்றில் இதய மருத்துவத் துறைகள் இருக்கின்றன. ஒரு தனியார் மருத்துவமனையில் பெரிய செலவுக்குத் தேதி குறித்திருக்கும் குடும்பம், அவசரம் இல்லாத பட்சத்தில், கோப்பை எடுத்துக்கொண்டு இங்கே ஒரு முறை வந்து காட்டுவதில் நிச்சயம் பயன் உண்டு. கூட்டமும் காத்திருப்பும் இருக்கும். ஆனால் அந்தத் தனியார் மருத்துவமனையைச் சாராத ஒருவரின் கருத்து கிடைக்கும்.

இரண்டாம் கருத்துக்கு ஆஞ்சியோகிராமின் குறுந்தகடு அவசியம்; எழுத்தில் உள்ள அறிக்கை மட்டும் போதாது, ஏனென்றால் ஒரே படத்தைப் பார்த்து ஒருவர் 70 சதவீதம் என்பதை இன்னொருவர் 50 என்று மதிப்பிடக்கூடும். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. வாய்மொழியாகக் கேட்டு இழுத்தடித்தால், தேதியிட்டு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று தமனிகளிலும் அடைப்பு, அல்லது இடப்புற முதன்மைத் தமனியில் அடைப்பு என்று வந்தால், இதய நோய் நிபுணரும் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது நெறிமுறை. 'அறுவை சிகிச்சை நிபுணர் இந்தப் படத்தைப் பார்த்தாரா' என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நோயாளி இன்னும் ஆஞ்சியோகிராம் மேசையில் படுத்திருக்கும்போதே வெளியே நிற்கும் உறவினரிடம் கையெழுத்துக் கேட்டு முடிவை அவசரப்படுத்தினால், இது மாரடைப்புக்கான அவசரமா அல்லது நாளை யோசித்துச் சொன்னாலும் ஆகுமா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு என்ற பட்டியல் திட்டத்தின் தளத்தில் இருக்கிறது. ஸ்டென்ட்டின் விலைக்கு 2017 முதல் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்திருக்கிறது. அந்த ஆணையத்தின் தளத்தில் இன்றைய உச்சவரம்பைப் பார்த்துவிட்டு, பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் தொகுதி எண்ணும் தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

மருத்துவரின் அறைக்குள்

படித்ததையெல்லாம் அச்சிட்டு மருத்துவரின் மேசையில் அடுக்கினால், நல்ல மருத்துவருக்கும் எரிச்சல் வரும். புறநோயாளிகள் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும், மறுபக்கத்தில் மூன்று கேள்விகளையும் எழுதிச் செல்லுங்கள். 'ஸ்டென்ட் நல்லதா' என்று கேட்டால் 'நல்லதுதான்' என்று பதில் வரும். 'அப்பாவுக்கு இது வலியைக் குறைக்கவா, ஆயுளை நீட்டவா? இப்போது மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?' என்று கேட்டால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைக்கும். உள்ளே போகும்போது பதற்றமில்லாத ஒருவர் கூட வந்து, சொல்வதைக் குறித்துக்கொள்வது நல்லது. நோயாளிக்குப் பாதி காதில் விழாது.

பழைய இ.சி.ஜி.க்களைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இன்று தெரியும் மாறுதல் புதியதா, ஐந்தாண்டுகளாக இருப்பதா என்பதை மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அவை பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சிடப்படுவதால், சென்னையின் வெயிலிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் சில ஆண்டுகளில் வெளிறி ஒன்றும் தெரியாமல் போய்விடும். எடுத்த அன்றைக்கே ஜெராக்ஸ் போட்டு, மேலே தேதியைப் பேனாவால் எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.